வேலை பார்த்த எஞ்சினில் ஆயில் பிரஷர் ஏறவில்லையா? வெளியிலிருந்து உள்ளே போகும் முழு வழிகாட்டி

"அண்ணே, எஞ்சின் வேலை பாத்து இருபது நாள்கூட ஆகல, ஆயில் லைட் எரியுதுண்ணே."

உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் ஆம்னி. எஞ்சினை இறக்கி முழு வேலையும் பார்த்துக் கொடுத்தது நான்தான். விடியக்காலை மூன்று மணிக்கு மல்லிகைப் பூ மூட்டையோடு கிளம்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிற வண்டி. வரும்போது லைட் எரிவதில்லை. சரக்கை இறக்கி, கணக்கு முடித்து, உச்சி வெயிலில் ஊர் திரும்பும்போது செக்கானூரணியில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் ஐடிலில் லைட் மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது.

நோய் எங்கே இருக்கிறது என்பது அவர் சொன்னதிலேயே இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. "சூட்டுக்கு ஆயில் இளகுதுண்ணே, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எட்டு நாள் லைட் எரியவில்லை. ஒன்பதாம் நாள் எரிந்தது, கூடவே அடியில் லேசாகத் தட்டும் சத்தமும் வந்தது. அந்த எட்டு நாளும் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த நஷ்டத்துக்கு நான் பொறுப்பு.

பட்டறையில் கை பழகுகிற தம்பிகளுக்கும், எஞ்சின் வேலைக்குக் காசைக் கொட்டிவிட்டு மீட்டரைப் பார்த்துப் பதறுகிற வண்டிக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். வரிசை தப்பினால் பத்து நிமிட வேலைக்கு எஞ்சினையே இறக்குவோம். எஞ்சினை இறக்க வேண்டிய நேரத்தில் சுவிட்சை மாற்றிக்கொண்டு இருப்போம்.

லைட் எரிந்த அந்த நிமிடம்

ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "பட்டறை ரெண்டு கிலோமீட்டர்தான், மெதுவா ஓட்டிட்டு வந்துடுறேன்" என்பதே கூடாது. கயிறு கட்டி இழுத்து வாருங்கள், வேறு வண்டியில் ஏற்றி வாருங்கள். ஜேர்னலுக்கும் (கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான உருளைப் பகுதி) பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலம் தலைமுடியைவிட மெல்லியது. அது அறுந்தால் இரும்பும் பேரிங் உலோகமும் நேருக்கு நேர் உரசும். அந்த இரண்டு கிலோமீட்டரே கிராங்கை மறுபடி கிரைண்டிங்குக்கு அனுப்பப் போதும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி கேட்கிறேன்: "புது எஞ்சின் டைட்டா இருக்கும், ஓட ஓடப் பிரஷர் வந்துடும்." இது தலைகீழ். வேலை பார்த்த புதிதில்தான் இடைவெளிகள் எல்லாம் மிகக் குறைவாக இருக்கும். அந்த எஞ்சின் தன் ஆயுளில் காட்டப்போகிற அதிகபட்சப் பிரஷர் அப்போதுதான். ஓட ஓட அது குறையுமே தவிர ஏறாது. புதிதிலேயே குறைவு என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

பிரஷர் எங்கிருந்து வருகிறது

ஆயில் பம்ப் தள்ளுவது ஆயிலை மட்டுமே. அந்த ஆயில் போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவு பிரஷர் கேலரியில் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் முக்கியத் துளை வழி) நிற்கும். சொட்டுநீர் போட்ட தோட்டக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மோட்டார் அதேதான், குழாய் அதேதான். ஆனால் நடுவில் ஒரு சொட்டுவான் கழன்று தண்ணீர் பீய்ச்சினால் கடைசி வரிசைச் செடி காய்ந்துபோகும். மோட்டாரை மாற்றிப் பயனில்லை. எஞ்சினில் கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்கும், கனெக்டிங் ராடைக் கிராங்கோடு சேர்க்கும் ஒவ்வொரு பிக் எண்ட் பேரிங்கும், கேம்ஷாஃப்ட் பேரிங்கும் ஒவ்வொரு சொட்டுவான்.

இதில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேரிங் இடைவெளி இரண்டு பங்கானால் அதன் வழியே கசியும் ஆயில் இரண்டு பங்கு ஆகாது, எட்டு பங்கு ஆகும். இடைவெளி எத்தனை மடங்கோ, அந்த எண்ணை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (2×2×2) கசிவு ஏறுகிறது. 0.04 மி.மீ. இருக்க வேண்டிய ஒரு பேரிங் 0.09 இருந்தால், அது ஒன்றே பதினோரு பேரிங் கசிய வேண்டிய ஆயிலைக் கசியவிடும். அதனால்தான் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு ஜேர்னல் மொத்த எஞ்சினின் பிரஷரையும் இறக்கிவிடுகிறது.

மீட்டர் லைட்டை நம்பாமல் கேஜ் மாட்டுங்கள்

பெரும்பாலான வண்டிகளில் லைட் சுவிட்ச், பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) 0.3 முதல் 0.5 கிலோவுக்குக் கீழே விழும்போதுதான் எரியும். அதாவது லைட் அணைந்திருக்கிறது என்பதற்கு "அரைக் கிலோவாவது இருக்கிறது" என்பது மட்டுமே பொருள். 0.6 கிலோவில் தேசிய நெடுஞ்சாலையில் நூறில் போகிற எஞ்சினுக்கும் லைட் எரியாது.

முதலில் வயரைப் பாருங்கள். ஒற்றை வயர் சுவிட்ச் என்றால், சாவி ஆன் செய்து வயரைக் கழற்றுங்கள். லைட் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. எஞ்சினில் குறையே இல்லாமலும் இருக்கலாம். கழற்றிய வயரை எஞ்சின் பாடியில் தொட்டால் லைட் எரிய வேண்டும். சிலர் சுவிட்ச் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிடுகிறார்கள். சுவிட்சுக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. எர்த் போய்விட்டால் பிரஷர் இல்லாதபோதும் லைட் எரியாமலே இருக்கும். அது இன்னும் ஆபத்து.

அடுத்து சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். ஜப்பான் வழி வந்த எஞ்சின்களில் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பி மரை, அங்குலத்துக்கு 28. அதே அளவில் தெரிகிற 1/8 என்பிடி அடாப்டருக்கு 27 மரை. இரண்டு சுற்று இனிமையாக ஏறிவிட்டு அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு மடக்கினால் அலுமினிய பிளாக்கில் மரை போய்விடும். கையால் நாலு சுற்றாவது ஏறினால்தான் அது சரியான அடாப்டர். ஹோஸ் ஆயில் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸாக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் டியூப் சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டு உருகினால் சூடான ஆயில் அதன் மேலேயே பீய்ச்சும். தீ பிடிக்க வேறெதுவும் வேண்டாம்.

நாலு அளவு எடுங்கள்

ஒரு அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. நாலு வேண்டும்: குளிர்ந்த எஞ்சினில் ஐடில், குளிர்ந்த எஞ்சினில் 3000 ஆர்பிஎம், சூடேறிய எஞ்சினில் ஐடில், சூடேறிய எஞ்சினில் 3000. கேஜில் உயிருள்ள பிரஷர் தெரியும்வரைதான் இதைச் செய்ய வேண்டும். முள் சைபரிலேயே நின்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். அதற்கான வழி கீழே தனியாக இருக்கிறது.

சூடு என்றால் உண்மையான சூடு. தண்ணீர் மீட்டர் நடுவில் வந்துவிட்டது என்று அளந்துவிடுகிறோம். தண்ணீர் சூடாகும் வேகத்தில் ஆயில் சூடாகாது, ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கட்டும். பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். பட்டறை நிழலில் காலை எட்டு மணிக்கு எடுத்த அளவும், அக்கினி நட்சத்திர வெயிலில் ரிங் ரோட்டில் ஓடிவந்து எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. வண்டிக்காரர் குறை சொல்கிற நேரத்து நிலையில்தான் அளக்க வேண்டும்.

எவ்வளவு இருக்கணும்? வண்டிக்குரிய சர்வீஸ் மேனுவல் சொல்வதே சட்டம். அது கையில் இல்லாதபோது பழைய கணக்கு ஒன்று உண்டு: ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 0.7 கிலோ. சூடான ஐடிலில் ஒரு கிலோ அளவுக்கும், 3000-இல் இரண்டரைக்கு மேலும் நின்றால் சாதாரணக் கார் எஞ்சினுக்கு நான் திருப்திப்படுவேன்.

அந்த ஆம்னியில் குளிர் ஐடில் 3.2 கிலோ. சூட்டில் 3000-இல் 2.2. சூடான ஐடிலில் முள் 0.4-க்கு இறங்கி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. வயரை மறுபடி மாட்டிப் பார்த்தேன். அந்த முள் நடுக்கத்தோடு சேர்ந்து மீட்டரில் சிவப்பு விளக்கும் மினுக்கியது.

முள் சொல்வதைப் படிப்பது

குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் ஐடிலில் மட்டும் விழுந்து, ஆர்பிஎம் ஏற்றினால் ஏறுகிறது என்றால் கசிவு அதிகம். கெட்டியான ஆயில் மெதுவாகக் கசிவதால் காலையில் தெரிவதில்லை. பேரிங் இடைவெளி, தேய்ந்த பம்ப், இளகிப்போன ஆயில், இந்த மூன்றில் ஒன்று. விடியக்காலை எரியாமல் உச்சி வெயிலில் எரிந்த ஆம்னியின் கதை இதுதான்.

குளிரோ சூடோ, எவ்வளவு மிதித்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் ஒரே இடத்தில் முள் நிற்கிறதா? ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் நொந்துபோயிருக்கிறது.

ஆர்பிஎம் ஏற்றும்போது ஏறி, இன்னும் ஏற்றினால் இறங்குகிறதா? பம்புக்கு ஆயில் வந்து சேரவில்லை. ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை) அடைப்பு, அல்லது சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நசுங்கி ஸ்ட்ரெய்னர் வாயை மூடுகிறது.

முள் ஒரு நிலையில் நில்லாமல் துள்ளினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பிரேக் போடும்போதும் வளைவிலும் மட்டும் விழுந்தால் முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

முதல் வாரம் நன்றாக இருந்து நாளுக்கு நாள் குறைந்தால் ஸ்ட்ரெய்னரில் ஏதோ சேர்ந்துகொண்டே வருகிறது, அல்லது பேரிங் தேய்ந்துகொண்டே வருகிறது. இரண்டுமே காத்திருக்காது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கேஜில் பிரஷர் அருமையாக இருந்தும் அடியில் சத்தம் கேட்கலாம். மெயின் பேரிங்கில் துளையுள்ள ஷெல் (பேரிங்கின் பாதி வளையம்) பிளாக் பக்கமும், துளையில்லாத ஷெல் அடியில் போல்ட் போட்டு மூடும் கேப் பக்கமும் வர வேண்டிய எஞ்சின்களில் அதை மாற்றிப் போட்டால் ஆயில் வழியே அடைந்துவிடும். கசிவு குறைவதால் கேலரியில் பிரஷர் கூடுதலாகவே காட்டும். அந்த ஜேர்னலோ வறண்டு ஓடும்.

சம்ப் போல்ட்டைத் தொடுமுன்

டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து அளவு பாருங்கள். புது எஞ்சினில் காலி ஃபில்டரும் காலி கேலரியும் ஆயிலைக் குடித்திருக்கும். ஒரு முறை ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு அந்த ஆயிலை விரலில் தேய்த்து முகருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் இளகிவிட்டது: கார்புரேட்டர் வழிகிறது, ஃப்யூவல் பம்ப் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அதைச் சரி செய்து ஆயிலை மாற்றாமல் மேலே போக வேண்டாம். நுரையாக, வெளிறி இருந்தால் காற்று கலக்கிறது என்று பொருள்.

ஆயில் கிரேடு மேனுவல் சொன்னதாக இருக்கட்டும். 5டபிள்யூ-30 கேட்கிற இன்றைய எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கேஜில் முள் ஏறும், ஆனால் சிறு துளைகள் வழியே மேலே ஹெட்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். பிரஷர் ஏற்றித் தருவதாக விற்கிற டப்பா மருந்துகளும் இதே கதைதான். லைட்டை அணைக்க வைத்து நோயை மறைக்கும்.

ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் அந்தக் காகித மடிப்பில் பதிவாகியிருக்கும். ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அறுத்த தூளே உள்ளே விழுந்து குழப்பும். விளிம்பு மடிப்பை உளியால் பிரித்துத் திறக்கலாம். காகிதத்தை விசிறிபோல விரித்து, வெள்ளைத் தட்டில் வைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: சிலிண்டரைப் போர் பண்ணிய தூள், அதைத் தேய்த்துச் சீராக்கிய ஹோனிங் தூள், அல்லது ஏதோ தேய்கிறது. ஒட்டாத வெள்ளிச் செதில் பேரிங் மேல் பூச்சு, அல்லது அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் மேல் பூச்சு போய் அடியில் தேய ஆரம்பித்துவிட்டது. வேறெதையும் பார்க்காமல் சம்பை இறக்கலாம். புழுபோலச் சுருண்ட சிலிக்கான் பேஸ்ட் துண்டு, பஞ்சு இழை இருந்தால் அவை ஸ்ட்ரெய்னரிலும் இருக்கும்.

ஆம்னியின் ஃபில்டரில் முதல் மூன்று மடிப்புகளுக்குள் மஞ்சள் கலந்த செம்பு மினுமினுப்பு இருந்தது, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு. கோயில் குங்குமத்தட்டில் விழுந்த ஜிகினா மாதிரி.

ரிலீஃப் வால்வு சில எஞ்சின்களில் வெளியிலேயே ஒரு தொப்பி நட்டுக்கு அடியில் இருக்கும். அம்பாசிடரின் பழைய எஞ்சினில் அப்படித்தான். பல கார்களில் பம்ப் உறைக்குள் இருக்கும், டைமிங் பக்கம் பிரிக்க வேண்டும். வால்வுக்குள் நகரும் பிளஞ்சரை வெளியே எடுத்து, ஆயிலில் நனைத்துப் போட்டால் தன் எடைக்கே வழுக்கி இறங்க வேண்டும். கோடு விழுந்திருந்தால், தூள் கடித்திருந்தால் சிக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துப் பிரஷர் ஏற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரிலீஃப் வால்வு கட்டுப்படுத்துவது மேல் எல்லையை மட்டும். சூடான ஐடிலில் அது மூடியேதான் இருக்கிறது. மூடியிருக்கும் வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கி என்ன கிடைக்கும்?

சம்பை இறக்கிய பிறகு

இறக்கும் முன்னே சம்பின் அடியைத் தடவிப் பாருங்கள். நம் கிராமத்து ரோடுகளில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள் எத்தனை! ஜாக்கியை சம்புக்கே கொடுத்துத் தூக்குகிற ஆட்களும் உண்டு. ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப் அடிக்கும் நடுவில் ஆறு முதல் பத்து மி.மீ. போலத்தான் இடம் இருக்கும். உள்ளங்கை அளவு ஒடுக்கு விழுந்தாலே ஆயில் வரும் வாய் அடைபடும்.

ஸ்ட்ரெய்னர் வலையில் என்ன இருக்கிறது என்று எடுத்து வையுங்கள், கழுவிவிடாதீர்கள். அதிகமாகத் தடவிய சிலிக்கான் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, அறுந்து வந்து இங்கே உட்காரும். பனியன் வேஸ்ட்டால் பிளாக்கைத் துடைத்தால் அதன் இழையும் இங்கேதான் வரும். எஞ்சின் பூட்டுகிற மேஜையில் பனியன் வேஸ்ட்டுக்கு இடம் தராதீர்கள். இழை விடாத பழைய பருத்தி வேட்டித் துணியே மேல்.

ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஓ-ரிங் அல்லது பேக்கிங் இருக்கும். பழையதையே போட்டிருக்கிறதா, இரண்டு போட்டிருக்கிறதா, போடவே இல்லையா? இங்கே ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ஆயிலைவிடக் காற்று சுலபமாக உள்ளே போய்விடும். குழாயில் வெல்டிங் வெடிப்பும் இதையே செய்யும்.

இப்போது எனக்குப் பிடித்த சோதனை. ஆயில் சுவிட்ச் ஓட்டை வழியாக வெளியிலிருந்து ஆயிலை இரண்டு கிலோ பிரஷரில் கேலரிக்குள் செலுத்துங்கள். கேஜும் சேஃப்டி வால்வும் உள்ள இரும்பு டாங்கியில் பாதி ஆயில், மேலே கம்ப்ரசர் காற்று. வெளியே வரும் குழாய் டாங்கியின் அடியிலிருந்து வர வேண்டும். மருந்தடிக்கிற பிளாஸ்டிக் டின்னில் கம்ப்ரசர் காற்றை ஏற்றாதீர்கள், வெடிக்கும். வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு பேரிங்காகப் பாருங்கள். நல்ல பேரிங்கில் ஓரம் முழுதும் ஈரமாகி, சொட்டுச் சொட்டாக விழும். கெட்ட பேரிங்கில் தாரையாக ஒழுகும். சொட்டே விழாத பேரிங்குக்கு ஆயில் வழி அடைபட்டிருக்கிறது. கிராங்கைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்திலும் பாருங்கள். துளைகள் நேராகச் சந்திக்கும் ஒரு நிலையில் நல்ல பேரிங்கும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும்.

ஆம்னியில் இரண்டாம் நம்பர் பிக் எண்டில் மட்டும் ஆயில் தாரை நிற்கவே இல்லை. மற்ற இரண்டிலும் கடிகாரம்போலச் சொட்டு.

பேரிங்கை அளப்பது

பொதுவான அளவு: ஜேர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 மி.மீ. ஜேர்னலுக்கு 0.04 மி.மீ., 50-க்கு 0.05. லேத்காரர்கள் சொல்கிற ஒரு தௌ என்பது 0.025 மி.மீ. மேனுவல் எல்லை இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கைக்கு எளிய வழி பிளாஸ்டிகேஜ். மெழுகு நூல்போல இருக்கும். ஜேர்னலையும் ஷெல்லையும் ஆயில் துளியும் இல்லாமல் துடையுங்கள். நூலை ஜேர்னலின் அகலத்துக்கு வெட்டி நீளவாக்கில் வைத்து, கேப்பைப் போட்டு, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். முடுக்கிய பின் கிராங்க் ஒரு இழைகூடத் திரும்பக் கூடாது. திரும்பினால் நூல் இழுபட்டுப் பொய் அளவு காட்டும். கேப்பைக் கழற்றி, நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அதிகம் நசுங்கி அகலமானால் இடைவெளி குறைவு, நசுங்காமல் குறுகலாக இருந்தால் இடைவெளி அதிகம். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல் என்றால் ஜேர்னல் கூம்பாகக் கிரைண்ட் ஆகியிருக்கிறது. எஞ்சின் வண்டியிலேயே இருக்க மெயின் பேரிங்கை அளந்தால் கிராங்க் தன் எடைக்குக் கீழே தொங்கும்; பக்கத்து ஜேர்னலை மேலே முட்டுக் கொடுத்துவிட்டு அளக்க வேண்டும்.

முடிவான தீர்ப்பு மைக்ரோமீட்டரும் போர் கேஜும்தான். ஒரு ஜேர்னலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசை, இரு ஓரமும் நடுவும் ஆக மூன்று இடம் அளந்தால் ஆறு அளவு வரும். கிரைண்டிங் மிஷினிலிருந்து சூட்டோடு வந்த கிராங்கை அளக்காதீர்கள். இரவு பட்டறையில் ஆறட்டும்.

ஆம்னியில் ஒன்றாம், மூன்றாம் பிக் எண்ட் 0.04. இரண்டாவது 0.09. அந்த ஜேர்னலில் ஆழமாக ஒரு கோடு இருந்திருக்கிறது. அது மறையும்வரை லேத்தில் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள், சொல்லவில்லை. ஆனால் வாங்கி வந்த கிராங்கில் முதல் ஜேர்னலை மட்டும் அளந்துவிட்டு, மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று பூட்டியது என் கை. மேலே சொன்ன பதினோரு மடங்குக் கணக்கு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. கிராங்கை அடுத்த அளவுக்கு, அதாவது 0.50 மி.மீ. குறைத்த அளவுக்கு, மூன்று ஜேர்னலையும் சேர்த்துக் கிரைண்ட் செய்து புது ஷெல் போட்டேன். கூலி வாங்கவில்லை.

இடைவெளி தப்புவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஷெல்லின் முதுகில் 0.25, 0.50 என்று முத்திரை இருக்கும். டப்பா மேல் எழுதியதை விட்டு முதுகைப் படியுங்கள். கேப் நம்பர் மாறியிருக்கலாம், அம்புக்குறி பின்னோக்கி இருக்கலாம். ஷெல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு தூசி இருந்தாலும் ஷெல் உட்காராது. கேப்பை அரம் போட்டு ராவுவது, ஷெல்லுக்கு அடியில் பேப்பர் வைப்பது, இந்த இரண்டையும் யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் செய்யாதீர்கள். வட்டம் முட்டையாகிவிடும், சூடு வெளியேற வழியில்லாமல் ஷெல் சுழன்றுவிடும்.

பேரிங் எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் இல்லையா

அப்படியானால் கேலரி பிளக்கைத் தேடுங்கள். போர் பண்ணிய பிளாக்கைச் சுத்தம் செய்ய பிளக்குகளைக் கழற்றியிருப்போம். திரும்பப் போடும்போது டைமிங் கவருக்குப் பின்னாலோ ஃப்ளைவீலுக்குப் பின்னாலோ ஒன்று விட்டுப்போகும். அது உள்ளேயே பீய்ச்சி சம்பில் விழுவதால் வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. பிளக்கைக் கழற்றும் முன்பே எண்ணி, சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவது என் வழக்கம். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் உள்ள டீசல் எஞ்சின்களில் ஒரு ஜெட் போடாமல் விட்டாலும் இதே நிலை. ராக்கர் ஷாஃப்ட்டின் முனை பிளக், கேம் பேரிங், டர்போவுக்குப் போகும் பைப், இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

பம்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். மூடியைக் கழற்றி, நேர்விளிம்பு ஒன்றைக் குறுக்கே வைத்து, உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அதற்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.1 மி.மீ. தாண்டினால் எனக்குத் திருப்தி இல்லை. மூடியின் உள்பக்கம் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிற கோடு இருந்தாலும் வேண்டாம். முன்பு பேரிங் உடைந்து வந்த எஞ்சின் என்றால் பம்பை அளக்கவே வேண்டாம், புதிதாகப் போடுங்கள். அந்த உலோகத் தூள் எல்லாம் ஃபில்டரைத் தொடும் முன்பே பம்ப் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆயில் கூலர் இருந்தால் அதற்குள்ளும் அது தங்கியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்டிலேயே முள் அசையாவிட்டால்

இது வேறு நோய். பெரும்பாலும் பம்ப் வறண்டிருக்கிறது. உலர்ந்த பம்புக்கு ஆயிலை உறிஞ்சத் தெரியாது. பூட்டும்போதே ரோட்டர் இடுக்கெல்லாம் வாசலின் அடைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. கிரீஸ் வைக்காதீர்கள், அது ஆயிலில் கரையாமல் ஸ்ட்ரெய்னரையும் ஃபில்டரையும் அடைக்கும். பூட்டிவிட்டோம் என்றால் மேலே சொன்ன டாங்கியிலிருந்து சுவிட்ச் ஓட்டை வழியாக ஆயில் செலுத்தி நிரப்பலாம்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, இக்னிஷன் கனெக்டரையும் ஃப்யூவல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். பழைய டீசலில் ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றினால் போதும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடி, நடுவில் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டர் ஆறட்டும். மூன்று நாலு தடவையில் கேஜ் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து "பார்ப்போம்" என்று மிதிக்காதீர்கள். ஃபில்டர் பேக்கிங் ஓட்டையை மூடியிருக்கிறதா, பம்பைச் சுற்றும் டிரைவ் பொருந்தியிருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங் இருக்கிறதா, கேலரி பிளக் விட்டுப்போயிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

சரி செய்து பூட்டிய பிறகு

கேலரிக்குள் நீளமான பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கம்ப்ரசர் காற்று அடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். டீசலில் மட்டும் கழுவினால் ஹோனிங் தூள் போகாது. உடனே ஆயில் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் துரு பூக்கும்.

கேஜை உடனே கழற்றாதீர்கள். வண்டியை மேலூர் வரை நாலுவழிச் சாலையில் ஓட்டிப் போய்த் திரும்பி, அதே நாலு அளவை மறுபடி எடுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அதே நாளில் நாலு அளவும் இன்னொரு முறை. முதல் தடவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஆம்னிக்கு மேலூர் போய்த் திரும்பியதும் சூடான ஐடிலில் 1.1, 3000-இல் 3.4. ஐந்நூறில் 1.1, 3.3. இரண்டையும் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி, டிரைவர் சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அடுத்து அந்த எஞ்சினைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த எண்களிலிருந்து தொடங்கலாம்.